ஐரிஸ் வெர்சிகலர்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சதுப்பு நிலங்களிலும் ஏரி, ஓடைக் கரைகளிலும் தானே வளரும் பல்லாண்டுச் செடி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தொடங்கி மேற்கே மனிடோபா வரையும், தெற்கே அமெரிக்காவின் வர்ஜீனியா வரையும் பரவியுள்ளது. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். இலைகள் வாள் போன்றவை. மே முதல் ஜூலை வரை நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள் மலரும்.

ஒரு பூ என்றாலும் தேனீக்கு அது மூன்று பூ. தாழ்ந்து விரிந்த மூன்று புற இதழ்கள் ஒவ்வொன்றின் மேலும் சூல்தண்டின் ஒரு கிளை இதழ்போல் கவிந்து, சிறு குகையாகிறது. புற இதழின் மஞ்சள் திட்டும் கருநரம்புகளும் உள்ளே வழிகாட்டுகின்றன. தேன் தேடி நுழையும் பெருந்தேனீயின் முதுகிலுள்ள மகரந்தத்தை, வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியின் விளிம்பு வழித்துக்கொள்ளும். உள்ளே புது மகரந்தம் ஒட்டும். தேனீ பின்வாங்கும்போது அந்த விளிம்பு மேல்நோக்கி மடங்கிவிடுவதால், அதே குகையின் மகரந்தம் அதில் படுவது அரிது. சில பூச்சிகள் பக்கவாட்டில் புகுந்து தேனைத் திருடுவதும் உண்டு.

விதைகள் நீரில் மிதந்து பரவும். பின்னிப் படரும் கிழங்குகள் கரை மண்ணைப் பிடித்து வைக்கின்றன. ஐரிஸ் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் இலைவழி இறங்கிக் கிழங்கைக் குடைகின்றன. தோட்டக்காரர்களுக்கு எதிரியான இந்தப் புழுவும் அந்த மண்ணுக்கே உரியதுதான். கால்நடைகள் இச்செடியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும், கிழங்கு நஞ்சு என்பதால். பூக்காத பருவத்தில் இது வசம்பைப் போலவே தோன்றும். வசம்பு இனமும் அதே சதுப்புகளில் வளர்கிறது. இலையைக் கசக்கினால் வசம்பு மணக்கும், ஐரிஸ் மணக்காது. மாற்றி உண்டால் வாந்தியும் பேதியும்தான். தொல்குடி மக்கள் சிறிய அளவில் இதைப் பேதி மருந்தாகக் கையாண்டனர்.

வெர்ஜினிகா, செட்டோசா என்ற இரு ஐரிஸ் இனங்கள் கலந்து, குரோமோசோம்கள் பெருகிப் பிறந்த இனம் இது என்பதை எட்கர் ஆண்டர்சன் 1936இல் விளக்கினார். அவர் அளந்த 150 பூக்களின் கணக்கை அதே ஆண்டு ரொனால்ட் ஃபிஷர் புள்ளியியல் கட்டுரை ஒன்றில் பயன்படுத்தினார். இன்று தரவு அறிவியல் படிக்கும் மாணவர்கள் பலர் இந்தப் பூவைக் காணாமலே அதன் இதழ் அளவுகளோடு பழகிவிடுகிறார்கள்.

அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மஞ்சள் ஐரிஸ், தோட்டங்களிலிருந்து தப்பி அடர்த்தியாய் மண்டி, இதன் இடத்தைப் பல நீர்க்கரைகளில் பிடித்துக்கொள்கிறது.

கியூபெக் மாநிலத்தின் சின்னமாக 1963 முதல் இருந்தது, அங்கே இயற்கையாக வளராத வெள்ளை லில்லி. 1999இல் அந்த இடம் இந்த ஐரிஸுக்குத் தரப்பட்டது.