மதனப்பள்ளியும் யுனிசெஃப் நிதியும்: பிசிஜி இயக்கம் காட்டும் ஒதுக்கீட்டு வரலாறு

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து திருப்பதி, பாகாலா வழியாகத் தர்மாவரம் செல்லும் ரயில் பாதையில் மதனப்பள்ளி ரோடு நிலையம் இருக்கிறது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து 1915-ல் ஒரு காசநோய் மருத்துவமனையைத் திறந்தன. இந்தியாவில் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி முதலில் போட்டுப் பார்க்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. ஆண்டு 1948, மதனப்பள்ளி அடங்கிய சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. குழந்தைகளுக்கான பன்னாட்டு நிதி எதை நம்பி, எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைத் தென்னிந்தியாவில் தேடுகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போரில் சிதைந்த ஐரோப்பாவின் பிள்ளைகளுக்குப் பாலும் துணியும் மருந்தும் கொடுப்பதற்காகவே முதன்மையாக 1946 டிசம்பர் 11 அன்று ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் உருவானது. அதன் நிதியும் டென்மார்க், நார்வே, சுவீடன் நாட்டுத் தொண்டு அமைப்புகளின் ஆட்பலமும் சேர்ந்து 1948-ல் பன்னாட்டுக் காசநோய் இயக்கமாக மாறின. இயக்கம் விரைவிலேயே ஐரோப்பாவைத் தாண்டி இந்தியாவுக்கும் வந்தது. காசநோயாளிகளுக்கு வேண்டிய படுக்கைகளும் மருத்துவர்களும் பெரும் செலவு பிடிப்பவை. பிசிஜியோ மலிவு, ஒரே ஊசி, போட்ட எண்ணிக்கையை ஊர் ஊராகக் கூட்டிச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதை யுனிசெஃப் தரும், உள்நாட்டுச் செலவை அரசு ஏற்கும் என்ற பங்கீட்டு முறைக்கும் அது பொருந்தியது. 1951-ல் இயக்கம் முடிந்தபோது பல நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1.4 கோடிப் பேருக்கு ஊசி போடப்பட்டிருந்தது.

களத்தில் வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதல் நாள் பிள்ளையின் முன்னங்கையில் டியூபர்குலின் செலுத்துவார்கள். மூன்றாம் நாள் அதே பிள்ளை திரும்பி வர வேண்டும். வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்து, வீக்கம் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டுமே பிசிஜி. அறுவடைக்கோ சந்தைக்கோ போன குடும்பத்தின் பிள்ளை அன்று வரவில்லை என்றால் முதல் நாள் உழைப்பு முழுவதும் வீண். சென்னை கிண்டியில் 1948-ல் அமைந்த ஆய்வகத்தின் திரவத் தடுப்பூசி நீண்ட நாள் தாங்காது. ஆகவே ரயில் நேரமும் ஐஸ் பெட்டியும்கூடத் திட்டமிடலில் சேர்ந்தன.

ஊசி உண்மையில் காக்கிறதா என்ற கேள்வியை மதனப்பள்ளி எடுத்துக்கொண்டது. டேனிஷ் மருத்துவர் யோஹன்னஸ் ஃப்ரிமோட்-மோலர் 1950 முதல் சுற்றுக் கிராமங்களில் ஒரு பகுதியினருக்கு ஊசி போட்டும் மறுபகுதியினருக்குப் போடாமலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முடிவுகள் 1964-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன. அதற்குள் கோடிக்கணக்கான ஊசிகள் போடப்பட்டுவிட்டன. இடையில் 1955-ல் ராஜாஜி பிசிஜியை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். அவருடைய மருத்துவ வாதங்களை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆதாரம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது நியாயமே.

1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப் பெரிய சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று 1979-ல் அது காட்டியது. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகைகளிலிருந்து பிசிஜி காக்கிறது. இன்றும் பிறந்தவுடன் போடுவது அதனால்தான். நிதி ஒதுக்கியபோது சொன்ன நோக்கம் ஒன்று, கிடைத்த பயன் வேறொன்று.

யுனிசெஃப்பின் முறையும் மெல்ல மாறியது. நோய்வாரியாகப் பணம் கொடுத்த பழக்கம் 1960-களில் தளர்ந்து, நாட்டின் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்த்துப் பிள்ளைகளின் தேவையைப் பார்க்கும் அணுகுமுறை வந்தது. 1982-ல் அதன் நிர்வாக இயக்குநர் ஜேம்ஸ் கிராண்ட், வளர்ச்சிக் கண்காணிப்பு, உப்பு-சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கு மலிவான வழிகளில் மீண்டும் கவனத்தைக் குவித்தார். 1997-ல் ஏற்கப்பட்ட முறைப்படி நாடுகளுக்கான அடிப்படை நிதி மூன்று அளவுகளால் முடிவாகிறது: ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம், தலா வருமானம், குழந்தைகளின் எண்ணிக்கை. யாருக்குத் தேவை அதிகம் என்பதை இந்த மூன்றும் நேர்மையாகவே அளக்கின்றன. கொடுத்த பணம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை அறிய, மதனப்பள்ளியில் செய்ததுபோல் ஊர் ஊராகப் போய் ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் ஒதுக்கீட்டின் முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும்.