காட்டுக்கு யார் காவல்? மேகாலயாவின் மாவட்ட கவுன்சில்கள்

ஷில்லாங்குக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. நம்மூரில் காடு என்றால் வனத்துறை. சுள்ளி பொறுக்கப் போனாலும் கார்டு வருகிறாரா என்று பார்க்க வேண்டும். இங்கே, "இந்தக் காடு யாருடையது?" என்று கேட்டால் ஒருவர் எங்கள் குலத்தினுடையது என்பார், இன்னொருவர் ஊர்ப்பொது என்பார், மூன்றாமவர் "கவுன்சில்ல கேட்டுப் பாருங்க" என்பார். மூன்று பேர் சொல்வதும் சரிதான் என்பதுதான் வேடிக்கை :-)

மேகாலயாவில் காடு என்று அரசுக் கணக்கில் பதிவான பரப்பு சுமார் 9,500 சதுர கிலோமீட்டர். அதில் காப்புக்காடாக அரசின் கையில் இருப்பது 1,100 சொச்சம்தான். மீதியில் பெரும்பகுதி குலங்கள், ஊர்கள், தனியார் வசம். அவற்றுக்குச் சட்டம் போடும் அதிகாரம் மாவட்ட கவுன்சில்களுக்கு. இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் அரசியல் நிர்ணய சபையில் அசாமின் மலைப்பகுதிகளைப் பற்றிப் பேச ஒரு துணைக்குழு போட்டார்கள். தலைவர் கோபிநாத் பர்தலை. காஸி மலையைச் சேர்ந்த ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய் அதில் ஓர் உறுப்பினர். (வாரணாசி காசி இல்லை, இது காஸி!) மலை மக்களின் நிலமும் காடும் சமவெளிக்காரர்கள் கைக்குப் போய்விடக்கூடாது, அவர்களின் வழக்கங்களை அவர்களே ஆளட்டும் என்பது யோசனை. 1949 செப்டம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, இப்படித் தனியாக வைத்தால் இவர்கள் நாட்டோடு எப்போது ஒட்டுவார்கள் என்று எதிர்ப்பும் கிளம்பியது. கடைசியில் நிறைவேறியது. அதுதான் அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணை.

அதன்படி காப்புக்காடு அல்லாத மற்ற காடுகள், விவசாயத்துக்கான நீர்ப்போக்குகள், மலைச்சரிவை வெட்டி எரித்துப் பயிரிடும் ஜூம் சாகுபடி, நில ஒதுக்கீடு ஆகியவற்றுக்குக் கவுன்சிலே சட்டம் போடலாம். ஒரே மாவட்டத்தில் வெவ்வேறு பழங்குடிகள் இருந்தால் பகுதி பிரித்து வட்டார கவுன்சிலும் அமைக்கலாம். அன்றைய லுஷாய் மலையில் 1953-இல் பாவி-லாக்கேர் வட்டார கவுன்சில் அப்படித்தான் வந்தது. 1972-இல் அது லாய், மாரா, சக்மா என்று மூன்றாகப் பிரிந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில், காட்டையும் தண்ணீரையும் உள்ளூர் சபையிடம் கொடுத்த சாசனம் இது. அந்த அளவில் பெரிய விஷயம்.

இங்கே கவுன்சில் 1952-இல் தொடங்கியது. 1958-இல் காடுகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மக்கள் ஏற்கனவே வைத்திருந்த பாகுபாட்டையே எழுதி வைத்தார்கள். சொந்த நிலத்துக் காடு, ஊர்க்காடு, பல ஊர்கள் சேர்ந்த காடு, பூசைக்குரிய புனிதக் காடு (லா கின்டாங்) என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

ஆனால் அதே கவுன்சிலுக்குச் சம்பளம் போடவும் ஆபீஸ் நடத்தவும் பணம் வேண்டுமே? வெட்டிக் கொண்டுபோகும் மரத்துக்கான ராயல்டி முக்கியமான வருமானமாக இருந்தது. கனிமங்களுக்கு அரசு வாங்கும் ராயல்டியிலும் ஆறாவது அட்டவணை கவுன்சிலுக்குப் பங்கு தருகிறது. ஆக, காவல்காரருக்குச் சம்பளம் வருவதே காடு குறைந்தால்தான். என்னைக் கேட்டால் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்ம ஊர் உள்ளே வருகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. சொந்தக்காரர் யாராக இருந்தாலும் காடு காடுதான் என்றது. வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதற்கும் தடை போட்டது. 1998 ஜனவரியில் வந்த அடுத்த உத்தரவு, கவுன்சில்களின் கீழ் வரும் காடுகளில் குறைந்தது ஐந்தாண்டுத் திட்டம் வகுத்து, திரும்ப வளர்ப்பதற்கும் வழி காட்டிய பிறகே மரம் எடுக்கலாம் என்றது. கவுன்சில் தானே செய்திருக்க வேண்டியதை டெல்லி சொல்லிச் செய்ய வேண்டியதாயிற்று.

பக்கத்து ஜைந்தியா மலையின் நிலக்கரிக் கதை இன்னும் கசப்பு. நிலம் சொந்தம், அதன் அடியில் இருப்பதும் சொந்தம் என்று எலிவளைச் சுரங்கங்கள் தோண்டினார்கள். அமில நீர் கலந்து ஆறுகள் கெட்டன. 2014 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அதற்குப் பிறகும் தோண்டல் நிற்கவில்லை. 2018 டிசம்பரில் சான் என்ற இடத்தில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளிகள் சிக்கினார்கள். கனிமம் நிலச் சொந்தக்காரருடையதுதான், ஆனால் மத்தியச் சட்டப்படி குத்தகை இல்லாமல் தோண்டக்கூடாது என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன்னாட்சி என்ற சொல்லைக் கேடயமாக வைத்து முதலாளிகள் சம்பாதித்தார்கள். குழிக்குள் இறங்கியது கூலிக்காரன்.

அப்படியானால் கவுன்சில் வேண்டாம், எல்லாம் வனத்துறையிடமே போகட்டும் என்கிறீர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மாஃப்லாங் புனிதக் காடு இருக்கிறது. அங்கிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது வழக்கம். சுற்றிலும் மலை மொட்டையாகக் கிடக்க, அந்தக் காடு மட்டும் இருட்டாக நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள உமியம் ஆற்றுப் பகுதியில் 10 ஹிமாக்கள் (பாரம்பரியத் தலைமை ஆளும் பகுதிகள்) கூட்டமைப்பாகச் சேர்ந்து, அழிந்த காட்டை மீட்கவும் காட்டுத்தீயைத் தடுக்கவும் வேலை செய்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வித்தியாசம் ஒன்றுதான். மாஃப்லாங்கில் மரம் நிற்பதால் காவல்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கவுன்சிலுக்கு இருந்தது. அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் அதை நடத்துவதற்கான காசை வேறு வழியில் கொடுக்க மறந்துவிட்டார்கள். வெட்டிய மரத்துக்கு ராயல்டி என்பதற்குப் பதிலாக, நிற்கிற காட்டுக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் கவுன்சிலுக்கு மானியம் கிடைக்கும்படி செய்தால் போதும். பாதிச் சண்டை தீரும்.

நம்மூர்ப் பஞ்சாயத்துகள் ஏரி மண்ணையும் ஆற்று மணலையும் காக்கவில்லை என்று திட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவுன்சில்தான் நினைவுக்கு வருகிறது. யார் காவல் என்று கேட்பதோடு நிறுத்தாமல், காவலுக்குக் கூலி எதிலிருந்து வருகிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.