எலும்பா, இட்ட பொருளா? மாற்று எலும்புப் பொருள்களைப் படமெடுத்து ஆராய்ந்த வரலாறு

எலும்புக் குழியை வேறொரு பொருளால் நிரப்பும் முயற்சி எக்ஸ்ரேயைவிட மூத்தது. ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் பாரிஸ் சாந்தால் எலும்புக் குழிகளை அடைத்ததை 1892இல் வெளியிட்டார்; ரான்ட்கன் தம் கதிர்களைக் கண்டது 1895இல். அதுவரை உள்ளே நடப்பதை, வெளியே புண் ஆறுவதை வைத்தே ஊகிக்க முடிந்தது.

பாரிஸ் சாந்து எக்ஸ்ரேக்கு இணக்கமான பொருள். சில வாரங்களில் உடலில் கரைந்துவிடும். அதன் வெண்மை மங்கிய பிறகு அங்கே தோன்றும் வெண்மை பெரும்பாலும் புதிய எலும்புதான். ஆய்வாளர் ஆல்பி 1920இல் முயல்களில் கால்சியம் பாஸ்பேட்டைச் சோதித்த காலத்திலும் பெரிய குழப்பம் எழவில்லை.

சிக்கல் 1970களில் முளைத்தது. பவளத்தின் நுண்துளை அமைப்பைக் குலைக்காமல் அதை ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் பீங்கான் வகைப் பொருளாக மாற்றும் முறையை ஆய்வாளர்கள் ராயும் லின்னஹானும் 1974இல் அறிவித்தனர். எலும்பின் கனிமமும் அபடைட் வகையே. ஆக, பொருள் எலும்பை எவ்வளவு நெருங்குகிறதோ, படத்தில் இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமாகிறது. எக்ஸ்ரேயில் வெண்மை நீடித்தால் அது வெற்றியா, கரையாமல் கிடக்கும் பீங்கானா? அந்தப் படம் மட்டும் இதற்கு விடை சொல்லாது.

1971இல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சிடி ஸ்கேன், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நிழல்களைப் பிரித்தது; ஆனால் பீங்கானின் நுண்துளைகள் அதன் கண்ணுக்குச் சிக்கவில்லை. திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வாளர் ஃபெல்ட்காம்ப், கூம்பு வடிவக் கதிர்க்கற்றையிலிருந்து முப்பரிமாணப் படத்தை மீட்டெடுக்கும் கணக்கு முறையை 1984இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். 1989இல் அது எலும்பின் நுண்ணமைப்பைக் காட்டியது. மைக்ரோ சிடி எனப்படும் இந்த நுண்படமெடுப்பின் செல்வாக்கு அங்கிருந்து வளர்ந்தது.

மைக்ரோ சிடியின் மிகப் பெரிய பலவீனம் ஒரு கணக்குப் பிழையில் ஒளிந்திருக்கிறது. சுட்ட பீங்கான் தூய கனிமம், ஆகவே மிக வெண்மை. எலும்பில் கொலாஜனும் நீரும் கலந்திருப்பதால் அதன் வெண்மை சற்றுக் குறைவு. இந்தச் சாம்பல் வேறுபாட்டை வைத்துக் கணினி இரண்டையும் பிரிக்கிறது. ஆனால் பீங்கானின் விளிம்பில் விழும் ஒரு படத்துகளில் பாதி பீங்கான், பாதி மென்திசு என்றால், இரண்டின் சராசரி எலும்பின் சாம்பலை ஒத்துவிடும். பீங்கான் துகள் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ‘எலும்பு’ உறை தோன்றும். அங்கே எலும்பே இருக்காது. ‘புதிய எலும்பு இவ்வளவு சதவீதம்’ என்று தசமப் புள்ளியோடு அச்சாகும் எண்களை ஐயத்தோடு படிக்க இதுவே போதிய காரணம்.

நுண்ணோக்கி ஆய்வுக்கும் தனக்கே உரிய சிக்கல் உண்டு. வழக்கமான திசுச் சீவல்களுக்காக அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கும்போது கால்சியம் பாஸ்பேட் பீங்கானும் கரைந்து வெற்றிடமே மிஞ்சும். சுண்ணாம்பு நீக்காமல் பிசினில் பதித்து, அறுத்து, தேய்க்கும் முறையை ஆய்வாளர் டொனாத் 1982இல் வெளியிட்ட பிறகே எலும்பும் பொருளும் தொடும் கோட்டை அப்படியே பார்ப்பது எளிதாயிற்று. மின்னணு நுண்ணோக்கியின் பின்சிதறல் படம் அதே கோட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் திசுவை வெட்டியெடுத்தாக வேண்டும். நோயாளியிடம் அது அரிதாகவே இயலும்.

ஆகவே கரையாத பீங்கானைப் பற்றிய ஆய்வில், பொருளை வைத்த அன்றே எடுத்த ஒப்பீட்டுப் படமும், விலங்குச் சோதனையாயின் சுண்ணாம்பு நீக்காத சீவலும் இல்லாவிட்டால், ‘எலும்பு வளர்ந்தது’ என்ற முடிவை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.