வரிப்பள்ளம் முதல் உரப்பு அளவீடு வரை: மாஸ்டரிங் கலையின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

பல தடங்களில் பதிந்த குரலையும் கருவியிசையையும் ஒன்றாகக் கலந்து இரண்டு தடங்களாக்குவது மிக்சிங். அதன்பின் அந்த ஒலியை இசைத்தட்டு, சிடி, இணையம் என்று எதில் வெளியிடப் போகிறோமோ அதற்கேற்பச் சீர்செய்து, பிரதி எடுப்பதற்கான மூலத்தை ஆக்கித் தருவது மாஸ்டரிங். இசைக்கு மெருகேற்றும் கடைசிக் கலைவேலை என்று இன்று இதைச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் நிலைமை அப்படி இல்லை. ஊடகத்தால் தாங்க முடியாத ஒலியை விலக்கும் கைவேலையாகவே மாஸ்டரிங் பிறந்தது. ஊடகத்தின் வரம்பு இக்கலையை வளர்த்தது. வரம்பு நீங்கியபோது கலை தடுமாறியது. பின்னர் அளவீடு புதிய வரம்பாக வந்து அதை நிலைப்படுத்தியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மெழுகின் காலம்

1925 வரை பதிவும் மூலத்தட்டு ஆக்கமும் ஒரே நிகழ்வாக இருந்தன. பாடகர் பெரிய கூம்பின் முன் நின்று பாடினார். அந்த அதிர்வு நேரே சுழலும் மெழுகுத் தட்டில் கீறப்பட்டது. உரத்துப் பாடுபவரைப் பின்னால் நிறுத்துவதும் மென்குரலாரைக் கூம்பருகே கொண்டுவருவதும்தான் அன்றைய ஒலிச் சீரமைப்பு. மெழுகின்மேல் மின்முலாம் பூசி உலோக எதிர்ப்படி எடுத்து, அதிலிருந்து தட்டுகளை அச்சிட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் பதிந்த பாடகி கௌஹர் ஜான் முதலியோரின் மூலங்கள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறி, அங்கே தட்டுகளாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்த பிறகுதான் அந்த வேலை இந்தியாவில் நடக்கத் தொடங்கியது.

1925இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்வழிப் பதிவு முறையை விக்டர், கொலம்பியா ஆகிய இரு நிறுவனங்களும் ஏற்றன. மைக்குக்கும் வெட்டும் ஊசிக்கும் நடுவே மின்பெருக்கி வந்து உட்கார்ந்தது. பாடகரை நகர்த்தாமலே ஒலியை மாற்றும் வாய்ப்பு அன்றுதான் உருவானது. ஆனால் பாடும்போதே தட்டு வெட்டப்பட்டதால், மாஸ்டரிங் இன்னும் தனி வேலையாகவில்லை.

நாடா பிரித்த வேலை

அந்தப் பிரிவினையைச் செய்தது காந்த நாடா. ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்ற நாடாப் பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் படையின் பொறியாளர் ஜாக் முல்லின் அத்தகைய இரு கருவிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பாடகர் பிங் கிராஸ்பியின் ஆதரவும் சேர்ந்துகொள்ள, ஆம்பெக்ஸ் 200 நாடாப் பதிவுக் கருவி 1948இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது.

இனி பாட்டு முதலில் நாடாவில் பதிவாகும். பிறகு வேறொருவர் வேறோர் அறையில் உட்கார்ந்து அதை லாக்கர் பூசிய தட்டில் வெட்டுவார். ஒலியைத் தட்டுக்கு மாற்றுபவர் என்ற அளவிலேயே அவருக்கு மதிப்பு. லண்டனின் ஈ.எம்.ஐ. கூடத்தில் தட்டு வெட்டுவது பதிவுப் பொறியாளர் ஆவதற்கு முன் ஏற வேண்டிய ஒரு படி. பீட்டில்ஸ் குழுவின் பொறியாளராக 1966இல் பொறுப்பேற்ற ஜெஃப் எமெரிக்கும் அந்தப் படியைக் கடந்து வந்தவர்தான். கலைஞனுக்குரிய இடம் அந்த அறைக்கு அப்போது கிடைக்கவில்லை.

வரிப்பள்ளத்தின் இயற்பியல்

இருந்தாலும் நுட்பம் பிறந்தது அந்த அறையில்தான். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி, தட்டின் வரிப்பள்ளத்தை அகல வளைக்கும். அதை அப்படியே வெட்டினால் ஒரு வரி பக்கத்து வரிக்குள் புகுந்துவிடும். இடைவெளியைக் கூட்டினால் தட்டில் ஓடும் நேரம் குறையும். உயர்ந்த அதிர்வெண்ணோ தட்டின் உராய்வு இரைச்சலில் அமுங்கிப்போகும். எனவே வெட்டும்போது தாழ்ந்ததைக் குறைத்தும் உயர்ந்ததைக் கூட்டியும் வெட்டினார்கள். கேட்கும் கருவி அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருந்ததால், ஒருவர் தட்டு இன்னொருவர் கருவியில் சரியாக ஒலிக்கவில்லை. 1954இல் அமெரிக்கத் தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே அளவை வகுத்தது. 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபல் குறைப்பு. 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டல்.

1950களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டு வந்ததும் சிக்கல் இரட்டித்தது. பள்ளத்தின் இரு சுவர்களும் இரு தடங்களைச் சுமந்தன. இரு தடங்களிலும் முரண்பட்டு வரும் தாழ்ந்த ஒலி, பள்ளத்தின் ஆழத்தை மாற்றி ஊசியைத் துள்ளச் செய்தது. அதனால் தாழ்ந்த ஒலிகளை நடுவுக்குக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. ‘ஸ’கர ஒலிகள் மிஞ்சினால் வெட்டும் தலையின் கம்பிச்சுருள் சூடேறி எரியக்கூடும். 12 அங்குல எல்.பி.யின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்விளிம்பில் 21 செ.மீ. அளவே. உள்ளே போகப்போக நுண்ணொலிகள் மங்குவதால், ஆர்ப்பாட்டமான பாட்டை முதலிலும் அமைதியான பாட்டைக் கடைசியிலும் வைப்பது நல்லதென்று கருதினார்கள். பாடல் வரிசைகூடத் தட்டின் வடிவியலுக்குப் பணிந்தது.

வரம்புக்குள் நின்றே உரப்பைக் கூட்டும் ஆசையும் அப்போதே இருந்தது. கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் எல்லாத் தட்டுகளுக்கும் ஒலியளவு ஒன்றே. உரக்க வெட்டிய தட்டுதான் கடையில் காதை இழுக்கும். ரெய்ன் நார்மா வடிவமைத்த, ஒலியின் உச்சத்தை அடக்கும் ஃபேர்சைல்ட் 670 லிமிட்டர், வெட்டும் அறையின் தேவைக்கென்றே ஸ்டீரியோ பள்ளத்தின் பக்கவாட்டு அசைவையும் செங்குத்து அசைவையும் தனித்தனியே கட்டுப்படுத்தியது. ஆனால் ஆசைக்கு ஓர் எல்லை இருந்தது. மிஞ்சினால் ஊசி தாவும். வாங்கியவர் தட்டைத் திருப்பிக் கொடுப்பார்.

தனித்தொழிலின் எழுச்சி

டக் சாக்ஸ் முதலியோர் 1967இன் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் திறந்த ‘தி மாஸ்டரிங் லேப்’, தட்டு நிறுவனம் எதையும் சாராமல் இந்த வேலைக்கென்றே அமைந்த முன்னோடிக் கூடங்களுள் ஒன்று. நியூயார்க்கில் ஸ்டெர்லிங் சவுண்ட் 1968இல் எழுந்தது. கலைஞர்களே தங்கள் மாஸ்டரிங் பொறியாளரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள்.

மாஸ்டரிங் பொறியாளர் பாப் லட்விக் 1969இல் வெட்டிய லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் தொகுப்பு இந்த மாற்றத்துக்குச் சான்று. தாழ்ந்த ஒலியின் வலிமையால் மலிவான கருவிகளில் ஊசி தாவியது. நிறுவனம் அடக்கமான மறுவெட்டுக்கு ஆணையிட்டது. ஓடுவரி முடிந்தபின் உள்ள வெற்றிடத்தில் ‘ஆர்.எல்.’ என்ற அவருடைய முதலெழுத்துகள் கீறப்பட்ட அந்த முதல் வெட்டைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் பெக்கம் ‘போர்க்கி’ என்ற புனைபெயரை அதே இடத்தில் பொறித்தார். ஒரே பதிவு இரு கைகளில் இரு ஒலிகளாகும் என்பதைத் தொழிலும் ரசிகர்களும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இந்தக் கையெழுத்துகள்.

கூரை தெரிந்த வீடு

1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி, வினாடிக்கு 44,100 மாதிரிகளையும் மாதிரிக்கு 16 பிட்களையும் கொண்டது. கொள்கையளவில் ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தை அது தாங்கும்; தட்டால் அதை நெருங்க முடியாது. ஊசி இல்லை, தாவலும் இல்லை. முதல் ஆண்டுகளில் தட்டுக்கெனச் சீரமைத்த நாடாக்களையே சிலர் சிடிக்கு மாற்றினார்கள். பல சிடிகள் வறண்டும் கூர்மையாகவும் ஒலித்ததற்கு அது ஒரு காரணம். பழைய நாடாக்களைத் தேடியெடுத்து மீண்டும் மாஸ்டரிங் செய்யும் துறை அதன்பின் வளர்ந்தது.

டிஜிட்டல் ஒலிக்கு உச்சக்கூரை ஒன்று உண்டு. அதைத் தாண்ட முடியாது. ஆனால் காது உச்சத்தை வைத்து உரப்பை மதிப்பிடுவதில்லை, சராசரியை வைத்தே மதிப்பிடுகிறது. 1994இல் வந்த வேவ்ஸ் எல்1 போன்ற மென்பொருள் லிமிட்டர்கள் வரவிருக்கும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து அடக்கின. அப்படிக் கிடைத்த இடத்தில் பாட்டு முழுவதையும் உயர்த்த முடிந்தது. ஒலியளவு கூடினால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகள் நிறைவாகக் கேட்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியிருந்தார்கள். எனவே சற்றே உரத்தது சற்றே சிறந்ததாகத் தோன்றியது, போட்டி மூண்டது. 96 டெசிபல் இடமிருந்தும் இசை சில டெசிபல்களுக்குள் நசுங்கியது.

2008இல் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ தொகுப்பில் இந்த நசுக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ கணினி விளையாட்டில் நசுங்காமல் ஒலிப்பதை ரசிகர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். தம்மிடம் வரும்போதே பாடல்கள் நசுங்கியிருந்தன என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் தெரிவித்தார். எனவே பிழையை ஒருவர் தலையில் கட்ட இயலாது. வெளிப்புறத் தடை அகன்ற தொழிலில், தனியொருவரின் நிதானம் தடையாகச் செயல்படவில்லை.

அளவீடு தந்த வரம்பு

தீர்வு முதலில் ஒலிபரப்பிலிருந்து வந்தது. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ. வெளியிட்ட பி.எஸ்.1770 பரிந்துரை, காதின் இயல்புக்கேற்ப உரப்பை அளக்கும் முறையை வகுத்தது. அதைக் கொண்டு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர்.128 பரிந்துரையில் −23 ‘லஃப்ஸ்’ என்ற இலக்கை வைத்தது. இந்த உரப்பு அலகை இணைய இசைச் சேவைகளும் எடுத்துக்கொண்டன. −14ஐ இலக்காகக் கொண்ட சேவையில் −8 அளவுக்கு உரத்த பாடலை ஏற்றினால், சேவையே அதை 6 டெசிபல் குறைத்துவிடும். நசுக்கியதால் வந்த இழப்பு மட்டும் மிஞ்சும், ஆதாயம் போய்விடும். உரப்புப் போட்டி இதனால் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. அதன் பொருளாதாரக் காரணம் தளர்ந்தது.

இதற்கிடையே தட்டும் மீண்டது. அமெரிக்காவில் 2020இல், 1980களுக்குப் பிறகு முதன்முறையாக, தட்டு விற்பனை வருவாய் சிடியை மிஞ்சியது. அதே ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. வெட்டுவதற்கான லாக்கர் தட்டுகளுக்கு உலகம் ஜப்பானிய நிறுவனம் ஒன்றையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. 2014 முதல் லேண்டர் போன்ற தானியங்கி மாஸ்டரிங் சேவைகளும் வந்துவிட்டன. அவை இலக்கு எண்ணை எட்டும். எந்தப் பாட்டில் அந்த எண்ணை எட்டாமல் விடுவது நல்லது என்பது இன்னும் கேட்பவரின் தீர்ப்பாகவே இருக்கிறது.

முடிவுரை

வெட்டும் அறைக்குத் தட்டும் இன்றைய கூடத்துக்கு அளவீடும் எல்லை வகுத்தன. எல்லை இல்லாத இடைக்காலத்தில் கருவிகள் பெருகியும் இசை சுருங்கியது. கருதுகோள் இதனால் வலுப்பெறுகிறது. ஆய்வாளர்களுக்கு இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. ஒரே பாட்டின் 1969 தட்டும் 1987 சிடியும் 2010 மறுவெளியீடும் வெவ்வேறு ஆவணங்கள். தமிழ் இசைத்தட்டுகளுக்கும் திரைப்பாடல்களுக்கும் அட்டவணை தயாரிப்போர் பாடகர், இசையமைப்பாளர் பெயர்களோடு நின்றுவிடாமல், எந்த மூலத்திலிருந்து, எந்த ஆண்டில், யார் மாஸ்டரிங் செய்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.