கப்பல் விளக்குகளின் இலக்கணம்

போர்க்காலத்தில் கடலில் செல்லும் கப்பலுக்கு இரவில் முதல் பாதுகாப்பு இருட்டுதான். சாளரங்கள் மூடப்பட்டுவிடும். மேல்தளத்தில் நின்று சிகரெட் பற்றவைப்பதுகூடக் குற்றம். நீருக்கடியில் எங்கோ ஒரு பெரிஸ்கோப் காத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதே கப்பலிலிருந்து பறந்து சென்ற விமானி திரும்பி வரும்போது அவருக்குத் தேவைப்படுவது வெளிச்சம். ஒரே கப்பலின் இந்த இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று மறுப்பவை.

இன்று போர்க்கப்பல்களின் ஹெலிகாப்டர் தளங்களுக்கென்று தடித்த விதிமுறைக் கையேடுகள் இருக்கின்றன. எந்த விளக்கு எந்த நிறத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பிரகாசத்தில் எரியவேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்பவை. மிக வறண்ட வாசிப்பு. ஆனால் அந்த வறட்சிக்குப் பின்னால் ஒரு மொழி உருவான கதை இருக்கிறது. அந்த மொழி உருவாவதற்கு முன் இருட்டில் கடலில் விழுந்தவர்களின் கதையும் அதில் அடங்கும்.

1944 ஜூன் 20. பிலிப்பைன் கடற்போரின் இரண்டாம் நாள். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் தளபதி மார்க் மிட்ஷர், ஜப்பானியக் கப்பற்படையைத் தேடித் தேடிக் கடைசியில் பிற்பகலில்தான் கண்டுபிடிக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் கிளம்பிய பிறகு, எதிரி முதலில் சொல்லப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தள்ளி இருப்பது தெரியவருகிறது. தாக்கிவிட்டுத் திரும்பும்போது இரவாகிவிட்டது. நிலவில்லாத இரவு. விமானிகளில் பெரும்பாலோருக்கு இரவில் கப்பலில் இறங்கிப் பழக்கமில்லை. எரிபொருளோ தீர்ந்துகொண்டிருந்தது.

மிட்ஷர் விளக்குகளைப் போடச் சொன்னார். நீர்மூழ்கிகள் உலவும் கடலில் அது சாதாரண உத்தரவல்ல. தேடுவிளக்குகள் வானை நோக்கித் திரும்பின, துணைக் கப்பல்கள் ஒளிக்குண்டுகளைச் சுட்டன. அமெரிக்கக் கடற்படை இன்றும் பெருமையோடு நினைவுகூரும் முடிவு அது. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் அந்த இரவில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. எங்கு பார்த்தாலும் விளக்குகள். அவற்றில் எது விமானந்தாங்கி, எது குரூஸர், எது நாசகாரி என்று மேலிருந்து தெரியவில்லை. இறங்கவே முடியாத கப்பல்களை நோக்கிச் சிலர் இறங்கி வந்தார்கள். வேறு சிலர் தளத்தில் ஏற்கெனவே நின்ற விமானத்தின் மீது மோதினார்கள். எதிரியின் கையில் இழந்த விமானங்கள் சுமார் 20. எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியும் தளத்தில் மோதியும் இழந்தவை சுமார் 80. கடலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தடுத்த நாட்களில் மீட்கப்பட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

வெளிச்சம் இருந்தது, அதற்கு அர்த்தம் இல்லை. அன்று குறைவாக இருந்தது விளக்குகள் சொல்லும் மொழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மொழியின் எழுத்துகள் அப்போதே ஆங்காங்கே இருந்தன. ஜப்பானியர் 1930களிலேயே தங்கள் விமானந்தாங்கிகளில் சிவப்பு, பச்சை விளக்கு வரிசைகளை அமைத்து, அவை ஒன்றுக்கொன்று எந்த நிலையில் தெரிகின்றன என்பதைக்கொண்டு விமானி தன் உயரத்தை அறியும்படிச் செய்திருந்தார்கள். பிரிட்டனில் நிக்கோலஸ் குட்ஹார்ட் என்ற கடற்படை அதிகாரி 1951ல் கண்ணாடி ஒன்றில் விளக்கொளியைப் பிரதிபலித்து அதே வேலையைச் செய்யலாம் என்று காட்டினார். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் குறுக்கே உதட்டுச்சாயத்தால் ஒரு கோடு போட்டு மேசைமேல் வைத்து, பிரதிபலிக்கும் ஒளி கோட்டைவிட்டு விலகாதபடி நடந்து வரும்படி அலுவலகச் செயலாளரிடம் சொன்னாராம். அந்தப் பெண்மணி சரியாக மேசைமேல் மோவாயை வைத்து முடித்தார். அறிவியல் வரலாற்றில் உதட்டுச்சாயத்துக்கு இப்படி ஓரிடம்!

இவையெல்லாம் பெரிய கப்பல்களுக்கானவை. ஹெலிகாப்டரின் கதை வேறு. 1943 மே மாதம் பிராங்க்ளின் கிரெகரி, இகோர் சிகோர்ஸ்கி வடிவமைத்த ஹெலிகாப்டர் ஒன்றை நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டு நீரிணையில் பங்கர் ஹில் என்ற எண்ணெய்க் கப்பலின் மேல் இறக்கிக் காட்டினார். பகல் வேளை, அமைதியான நீர். ஓடுதளம் வேண்டாம், ஒரு முற்றம் அளவு இடம் போதும் என்றால் எந்தக் கப்பலும் விமானந்தாங்கி ஆகிவிடலாமே என்ற கனவு அன்று தொடங்கியது. கனவுக்கும் வட அட்லாண்டிக்கின் குளிர்கால இரவுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடந்தவர்களில் முதன்மையானவர்கள் கனடாக்காரர்கள்.

1950களில் நீர்மூழ்கிகளின் வேகம் கூடியபோது, அவற்றைத் துரத்தும் சிறு கப்பல்கள் பின்தங்கின. ஹெலிகாப்டர் ஒன்றை உடன்கொண்டு செல்வதே வழி. பிரிட்டன் இரண்டரை டன் எடையுள்ள வாஸ்ப் என்ற சின்ன ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தது. கனடா 1956ல் பக்கிங்ஹாம் என்ற சிறு போர்க்கப்பலில் தற்காலிகத் தளம் அமைத்துச் சோதித்துப் பார்த்தபின், கிட்டத்தட்ட 9 டன் எடையுள்ள ஸீ கிங்கை எடுத்துக்கொள்வது என்று துணிந்தது. அதன் சுழலியின் விட்டம் 18.9 மீட்டர். அது இறங்கவேண்டிய செயின்ட் லாரன்ட் வகைக் கப்பலின் அகலம் 12.8 மீட்டர். கப்பலைவிட அகலமான விசிறியோடு ஒரு வாகனம், ஆடும் கப்பலின் பின்புறத்தில், கொட்டகைக் கதவுக்கு முன்னால் வந்து உட்காரவேண்டும். இதை முதலில் கேட்டவர்கள் சிரித்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் ‘பேர்ட்ராப்’, அதாவது கரடிப்பொறி. ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே மிதந்தபடி மெல்லிய கம்பி ஒன்றைக் கீழே விடும். தளத்தில் நிற்கும் மாலுமிகள் அதில் கனத்த வடத்தைக் கோத்து மேலே அனுப்புவார்கள். வடம் ஹெலிகாப்டரின் வயிற்றில் பூட்டிக்கொண்டதும் கப்பலிலுள்ள வின்ச் அதை இறுக்கிப் பிடிக்கும். காற்றாடியைக் கையால் இழுப்பதுபோல இழுத்துவிடுவது என்று நினைக்கவேண்டாம். விமானி மேல்நோக்கிய விசையைத் தளர்த்துவதில்லை, வடமும் விடுவதில்லை. இந்த இழுபறியில் ஹெலிகாப்டர் தளத்தின் மையத்தை விட்டு விலகாது. பெரிய அலைகளின் தொடர் ஒன்று கடந்தபின் கப்பல் சில நொடிகள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த இடைவெளியில் கீழே இறங்க, வயிற்றிலுள்ள தண்டை எஃகுத் தாடைகள் கவ்விக்கொள்ளும். 1963 முதல் அஸினிபோயின் கப்பலில் சோதனைகள் நடந்தன. சில ஆண்டுகளில் இரவிலும் பகலிலும் பயன்படுத்தும் அளவுக்கு அது தேறியது. பின்னர் அமெரிக்கக் கடற்படையும் இதன் வழிவந்த அமைப்பை ஏற்றது. இந்தியக் கடற்படையின் தாராகிரி (1980), விந்தியகிரி (1981) ஆகிய கப்பல்களும் ஸீ கிங்குக்காக இந்தக் கனடியப் பொறியைப் பொருத்திக்கொண்டவைதாம்.

அந்தச் சில நொடிகளைக் கணிப்பவர் விமானியல்லர். தளத்தின் ஓரத்தில், தலைமட்டும் வெளியே தெரியும்படியான சிறு கூண்டுக்குள் நிற்கும் சமிக்ஞை அதிகாரி. கனடியர்கள் அந்தக் கூண்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹௌடா’. யானைமேல் வைக்கும் அம்பாரி! அரபு நாட்டு ஒட்டகத்தின் மேல் ஏறிப் புறப்பட்ட சொல் நம் நாட்டில் யானைமேல் அமர்ந்து, ஆங்கிலேயரோடு கப்பலேறி, வட அட்லாண்டிக்கின் உறைபனியில் போய் நிற்கிறது. சொற்களின் பயணத்துக்கு முன் ஹெலிகாப்டரின் பயணம் ஒன்றுமில்லை.

வடம் பூட்டுவதற்கு முன் விமானி தளத்தைக் கண்டடைய வேண்டுமே? இங்கேதான் விளக்குகளின் மொழி தேவைப்படுகிறது. இருட்டில் ஒற்றை விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தானாக நகர்வதுபோலத் தோன்றும். இந்த மயக்கம் விமானிகளை எப்படி ஏமாற்றுகிறது என்று 1940களில் பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எனவே ஒற்றை விளக்கு பயன்படாது, வரிசை வேண்டும். தளத்தின் நடுக்கோட்டில் ஒரு வரிசை, அதன் தொடர்ச்சியாகக் கப்பலின் பின்சுவரில் செங்குத்தாகத் தொங்கும் இன்னொரு வரிசை. நேராக வந்தால் இரண்டும் ஒரே கோடு. பக்கவாட்டில் விலகினால் கோடு ஒடியும். ஒடிந்த திசையைப் பார்த்து விமானி திருத்திக்கொள்வார்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது அடிவான விளக்கு. இரவில் கடலுக்கு அடிவானம் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது கப்பல் மட்டுமே. கப்பல் சாய்ந்தால், சாய்ந்தது தான்தான் என்று விமானியின் மூளை முடிவுசெய்துவிடும். கப்பலின் ஆட்டத்துக்கு ஏற்ப ஹெலிகாப்டரையும் ஆட்டத் தொடங்கினால் பிறகு மீட்சி இல்லை. ஆகவே கொட்டகையின் மேல் ஒரு கிடைமட்ட விளக்குப்பட்டை பொருத்தப்பட்டு, ஜைரோஸ்கோப் ஒன்றால் இயக்கப்பட்டது. கப்பல் எப்படிப் புரண்டாலும் பட்டை மட்டும் உலகத்துக்கு இணையாக நிற்கும்.

நிறங்களுக்கு வருவோம். இறங்குசரிவைக் காட்டும் விளக்கு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப வெவ்வேறு நிறம் காட்டும். அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களில் ஆம்பர் நிறம் தெரிந்தால் சரியான உயரம், சிவப்பு தெரிந்தால் தாழ்வு, பச்சை தெரிந்தால் உயரம் அதிகம். சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் நிலத்திலுள்ள ஹெலிகாப்டர் தளங்களுக்கு விதித்திருக்கும் விளக்கிலோ நிலையான பச்சை என்றால் சரியான பாதை. உயரம் அதிகமென்றால் பச்சை விட்டுவிட்டு எரியும். அதாவது ஒரே பச்சைக்கு ஓரிடத்தில் ‘சரி’ என்று பொருள், இன்னோரிடத்தில் ‘தவறு’ என்று பொருள். இலக்கியத்தில் ஒரு சொல் இரண்டு பொருள் தருவது அழகு. களைத்துப்போய் மழையில் வரும் விமானிக்கு அது ஆபத்து. நேட்டோ நாடுகள் ஒருவர் கப்பலில் மற்றவர் இறங்குவதற்கென்றே பொதுவான கையேடு ஒன்றை வகுத்து, ஒவ்வொரு கப்பலின் தளமும் விளக்குகளும் எப்படியிருக்கும் என்று பதிந்துவைத்ததன் அவசியம் இதுதான். அதை நான் ஓர் அகராதி என்றே பார்க்கிறேன்.

மொழிகள் மாறுவதைப்போல இதுவும் மாறியது. பல பத்தாண்டுகளாகக் கப்பலில் இரவின் நிறம் சிவப்பு. இருட்டில் பார்க்க உதவும் கண்ணின் கோல் செல்கள் சிவப்பை ஏறத்தாழ உணர்வதில்லை. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் ஆகும், அந்தப் பழக்கத்தைச் சிவப்பு விளக்கு கெடுக்காது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் மைல்ஸ் இதை அறிந்துதான் இரண்டாம் உலகப்போரில் விமானிகளுக்குச் சிவப்புக் கண்ணாடிகளைப் பரிந்துரைத்தார். வெளிச்சமான அறையில் அவற்றை அணிந்து காத்திருந்துவிட்டு, அழைப்பு வந்ததும் கழற்றிவிட்டு நேரே இருட்டுக்குள் ஓடலாம்.

பிறகு இரவுப் பார்வைக் கருவிகள் வந்தன. நட்சத்திர ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் அவை சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும்தான் மிகுந்த உணர்வுடையவை. கண்ணுக்கு நண்பனாக இருந்த சிவப்பு விளக்கு, கருவியின் வழியே பார்த்தால் கண்ணைப் பறிக்கும் தீப்பந்தம். 1986ல் அமெரிக்க ராணுவம் விமானி அறை விளக்குகளுக்கு வெளியிட்ட தரநிர்ணயம் நீலப்பச்சை ஒளியை முன்னுக்குக் கொண்டுவந்தது, 2001ல் வேறொரு தரநிர்ணயம் அதன் இடத்துக்கு வந்தது. கப்பல் தளங்களின் விளக்குகளும் கருவிக்கு ஏற்றவையாக மெல்ல மாற்றப்பட்டன. அரை நூற்றாண்டு அறிவு தலைகீழானது, கண் மாறவில்லை, கண்ணுக்கு முன்னால் வந்த கருவி மாறியதால்.

இதற்கும் ஒரு விலை உண்டு. கருவியைக் கூசச்செய்யாமலிருக்க அதில் வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. அந்த வடிகட்டிகள் சில சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை அறவே மறைத்துவிடுகின்றன. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோபுர எச்சரிக்கை விளக்கு கருவியில் தெரியாமல் போகலாம் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 2009ல் விமானிகளை எச்சரித்தது. நீண்ட காலம் புழங்கிய கருவிகளில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். சிவப்பும் ஆம்பரும் பச்சையும் அங்கே ஒரே நிறம். ஆகவே கடலின் மேல் அந்தக் கருவியோடு கப்பலை நெருங்கும் விமானி, இறங்குசரிவு விளக்கின் நிறத்தை அறியவேண்டிய கணத்தில், கருவியின் கீழ்விளிம்புக்கு அடியிலுள்ள சிறு இடைவெளி வழியே வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.