லாரி எஞ்சின் கடலுக்குப் போன கதை

ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது லாரி எஞ்சின்தான் என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டேங்கிறாங்க. ஆனால் அதுதான் உண்மை. 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய சென்னைக் கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. அதன் லாரி எஞ்சின்களே கடலுக்கு ஏற்ற கியர்பாக்ஸும் உப்புத்தண்ணீர் பம்பும் சேர்ந்து படகுக்குள் இறங்கின. இத்தனைக்கும் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ல்தான். அதுவரை ஒரு லாரி தன் சக்கரத்தில் ஓடி இந்தத் தீவுக்குள் வர வழியே கிடையாது.

லாரிக்கு இறக்கத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வலை இழுக்கும் படகுக்கு அது கிடையாது, மணிக்கணக்கில் ஒரே பாரம். அதனால் லைனர், ரிங், பேரிங் எல்லாம் தேய்ந்துபோகும். அதைப் பிரித்து வேலை பார்க்கத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாள், 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வந்த சட்டம், பட்டறைகளின் காலண்டரையும் மாற்றிவிட்டது.

பூட்டி முடித்த எஞ்சினை உடனே ஸ்டார்ட் பண்ணிடக் கூடாது. புது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் படலம் இல்லாவிட்டால், சில நொடிகளில் இரண்டு மாத வேலை வீணாகிவிடும். அதனால் முதலில் ஆயில் ஊற்றி, டீசலை அடைத்துவிட்டு, எஞ்சினைச் சும்மா சுற்றவிடுவார்கள். ஆயில் மேலே ராக்கர் வரைக்கும் ஏறணும், பிரஷர் மீட்டர் முள் அசையணும்.

அடுத்தது டீசல். நாள்கணக்கில் நின்ற டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும், அதை வடிக்கணும். பிறகு ஃபீடு பம்பைக் கையால் அடித்து ஏர் எடுக்கணும். குமிழி இல்லாமல் டீசல் வந்தால்தான் நாசில் சரியாகப் பீய்ச்சும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. நடுவில் காற்று இருந்தால் பம்பின் அழுத்தம் நாசிலுக்குப் போய்ச் சேராது. கடைசியாகக் கடல்தண்ணீர் வால்வு திறந்திருக்கா என்று பார்க்கணும். கரையேற்றிய படகில் குளிர்விக்கத் தண்ணீர் ஏது?

பழைய மெக்கானிக்குகள் இன்னொன்றும் செய்வார்கள்: காற்று உள்ளே போகும் வாயை மூட ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொள்வார்கள். காரணம் ருடால்ஃப் டீசல் 1890-களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துப் பார்த்த அந்த யோசனையிலேயே இருக்கு. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கிய காற்றின் சூடே எரிபொருளைப் பற்றவைக்கும். பம்பின் ரேக் சிக்கி எஞ்சின் தறிகெட்டு ஓடினால், சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. டீசலையோ காற்றையோ அடைத்தால்தான் நிற்கும்.

ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணக் கூடாது. ஆயில் பிரஷர் வராவிட்டால் உடனே நிறுத்தணும். சூடேறியபின் ஹெட் போல்ட், டேப்பெட் இடைவெளி எல்லாவற்றையும் மறுபடி பார்க்கணும். அதுக்காக வெறுமனே ஐடிலில் மணிக்கணக்கா விடுவதும் தப்பு. கொஞ்சம் பாரம் கொடுத்தால்தான் ரிங் லைனரில் படியும்.

இவ்வளவு கவனம் எதுக்கு? லாரி எஞ்சின் நின்றால் ஓரமா நிறுத்திட்டு இறங்கிடலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் கிழித்த எல்லை நடுவே ஓடுகிறது. எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தோடு எல்லை தாண்டினால், ஆளுக்குச் சிறை, படகு பறிமுதல் என்று ஆகலாம். பழுதால் வந்ததா, மீனுக்காக வந்ததா என்பதைக் கரையிலிருந்து நிரூபிப்பது லேசில்லை. ஏனென்றால் இதே எஞ்சின் பலத்தில் எல்லை தாண்டிப்போய் இழுவை வலை போடுவதும் நடக்கிறது. அதில் வலையறுந்து நிற்பவர்கள் வட இலங்கையின் தமிழ் மீனவர்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியையே தடை செய்தது.

என் பார்வையில் பாக் நீரிணையின் பிரச்சினையை வெறும் எல்லைக்கோடாகப் படித்தால் பாதிதான் புரியும். மீதி அந்த எஞ்சின் அறைக்குள் இருக்கு.