தேத்தண்ணிக் கோப்பைக்குள் எமது வரலாறு

எனது மூத்தம்மா தேத்தண்ணி வைப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். தட்டிய இஞ்சி, ஒரு துண்டுக் கறுவா, இரண்டு ஏலக்காய் ஆகியவற்றை நன்றாகக் கொதிக்க விடுவார். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேயிலையைப் போடுவார். "கறுவா கொதிச்சாத்தான் மணக்கும் மகன், தேயிலை கொதிச்சாக் கசக்கும்" என்பார். தடிமன், காய்ச்சல் என்றால் தேயிலை கிடையாது, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும்தான். வாழைச்சேனையில் எங்கள் வீட்டில் இன்றும் அதே முறைதான்.

இவற்றுள் எது பழையது என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் தேயிலை என்றே சொல்வார்கள். உண்மையில் தேயிலைதான் ஆகப் பிந்தி வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

கறுவாவோ பல நூற்றாண்டு மூத்தது. 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, ஆற்றுவெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்து வந்தோர் அரசனுக்குத் துணி போன்றவற்றைக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச் சென்றனர் என்கிறார்.

எம்மவர் வரலாறு எழுதும்போது இச்செய்தியைப் பெருமையோடு எடுத்தாள்வது வழக்கம். 2003இல் ஆசிரிய கலாசாலையில் படித்தபோது நானும் அப்படியொரு கட்டுரை வாசித்தேன். அன்றிரவு விடுதியில் மலையகத்து நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், கறுவாவுக்கு இப்னு பதூதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். தேயிலைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாய்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவனுடைய முன்னோர் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றோராக்கியது. ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த அவனுடைய பாட்டிக்கு, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின் மூலம்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

இந்த மண்ணில் எமக்குள்ள வேரைப் பிறர் கேள்விக்குட்படுத்தும்போது நாம் நோகிறோம்; ஆதாரம் தேடுகிறோம். அடுத்தவருடைய வேர் அறுக்கப்பட்டதை எமது எழுத்தில் எத்தனை தரம் பதிந்திருக்கிறோம்?

இப்போது இப்பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் இஞ்சி, கறுவா, ஏலம், தேயிலை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதைக் கொண்டுவந்தவர், விளைவித்தவர் என இரண்டு நிரல் இடுகிறேன். பிள்ளைகள் முதல் நிரலை விரைவாக நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது நிரலுக்குத்தான் நேரம் எடுக்கிறது. மணி அடித்தாலும் அதை முடிக்காமல் நான் வகுப்பை விடுவதில்லை.